சின்ன விமான நிலையத்தின் மேலாளருக்கு யார் பாடம் எடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விமான நிலையங்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் செய்திகளை விடாமல் படிக்கிறவன் நான். புது முனையம் திறப்பு, புது வழித்தடம், எத்தனை லட்சம் பயணிகள், இல்லையென்றால் விபத்து. குறையாகச் சொல்லவில்லை, வாசகர்களுக்கு வேண்டியதைத்தானே போட முடியும். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று விமானம் மட்டும் வந்து போகிற சின்ன நிலையங்களை யார் நடத்துகிறார்கள், அந்த வேலையை அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒரு வரிகூட வந்து நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு நிலையத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

பெரிய நிலையத்தில் ஓடுபாதைக்குத் தனித் துறை, தீயணைப்புக்குத் தனித் துறை, பறவை விரட்டவே நாலு பேர் இருப்பார்கள். சின்ன நிலையத்தில் எல்லாம் ஒரே ஆள் தலையில்தான். விடிவதற்கு முன் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடுபாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துவிட்டு வருபவரும் அவர்தான், பெட்டிகள் வரும் பெல்ட் நின்றுபோனால் பயணிகளுக்குப் பதில் சொல்பவரும் அவர்தான், புல் வெட்டும் ஒப்பந்தக்காரரிடம் சண்டை போடுபவரும் அவர்தான்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். ஓடுபாதைக் கோடுகள் மங்கிவிட்டன என்று மறுபடி வண்ணம் பூச ஏற்பாடு செய்தோம். காலை 8 மணி முதல் 11 வரை பாதை மூடல். அதை விமானிகளுக்குத் தெரிவிக்க நோட்டாம் என்ற அறிவிப்பு அனுப்ப வேண்டும். நோட்டாமில் நேரம் எப்போதும் யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில்தான் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) இருக்க வேண்டும், அது உலகம் முழுக்க ஒரே விதி, எனக்கும் தெரியும். ஆனால் அன்று இருந்த அவசரத்தில் உள்ளூர் நேரத்தையே 0800 என்று எழுதி அனுப்பிவிட்டேன். மூடல் மத்தியானத்துக்கு மேல்தான் என்று விமானிகள் படித்திருப்பார்கள். காலை ஒன்பதரை இருக்கும், ஒரு சின்னத் தனியார் விமானம் இறங்க வந்தது. நல்ல வெளிச்சம். பாதையின் நடுவில் வண்ணம் ஏற்றிய டிராக்டரும் நாலு ஆட்களும் நிற்பதை விமானி பார்த்து மறுபடி மேலே ஏற்றிக்கொண்டுபோனார். அந்த நேரத்தில் ரேடியோ பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய ஆள் யார்? அதுவும் நான்தான். பெல்ட் தகராறில் முனையத்துக்குள் இருந்தேன். எஞ்சின் சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்தபோது அவர் சுற்றிக்கொண்டிருந்தார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அறிக்கை எழுதினேன், மேலே அனுப்பினேன், அத்தோடு சரி. இரண்டு வருடம் கழித்து ஒரு கூட்டத்தில் இன்னொரு சின்ன நிலையத்தின் மேலாளர் இதே தவறை, இதே யுடிசி குழப்பத்தை, எனக்கு முந்தின வருடமே செய்திருந்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் விஷயம் எனக்குத் தெரிந்திருந்தால் அன்று எழுதும்போது கை ஒரு நொடி நின்றிருக்கும்.

நான் செய்தி என்று சொல்வது இதைத்தான். எங்களுக்கு வந்த சுற்றறிக்கைகளில் பாதி பெரிய நிலையங்களின் கடைகள், வாகன நிறுத்தம், முகத்தை வைத்து அடையாளம் காணும் கதவுகள் பற்றியவை. பக்கத்து நிலையத்தில் போன மாதம் என்ன தப்பு நடந்தது என்று எவரும் எழுதுவதில்லை, ஏனென்றால் எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். தப்பைத் தானாக முன்வந்து சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது என்பது ஐகாவோ என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் பாதுகாப்பு மேலாண்மை விதிகள் இருக்கும் 19ஆம் இணைப்பின் அடிப்படை, அந்த இணைப்பு 2013இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதை ஒட்டிச் சின்ன நிலையங்களும் கையேடு தயாரிக்க வேண்டியிருந்தது. தயாரித்தோம், எப்படி? ஒரு கையேட்டில் எந்தப் பெரிய நிலையத்திலிருந்து நகல் எடுத்தார்களோ அதன் பெயரைக்கூட அழிக்காமல் விட்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்!

நோட்டாம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2017 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஒன்று இரவில் ஓடுபாதை என்று நினைத்து, நாலு விமானங்கள் வரிசையாக நின்ற டாக்ஸிவேயில், அதாவது விமானங்கள் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் பாதையில், இறங்கப் பார்த்தது. பக்கத்து ஓடுபாதை மூடியிருக்கிறது என்ற நோட்டாம் விமானிகள் கையில் இருந்த 27 பக்கக் கட்டில் 8ஆம் பக்கத்தில் கிடந்தது. விசாரணையில் அதுவும் பேசப்பட்டது. அது பெரிய நிலையம்தான், ஆனால் நோட்டாம் எழுதுகிற ஒவ்வொரு மேலாளருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாம் எழுதும் நாலு வரி, இறங்கும் அவசரத்தில் இருக்கும் ஒருவர் எந்தக் கட்டுக்குள் தேடப்போகிறார் என்று யோசித்து எழுதுவதும் ஒரு திறமை.

சரி, பயிற்சிக்கு வருவோம். என்னையும் ஒரு முறை பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஏ.சி. அறை, நல்ல பேச்சாளர்கள். ஆண்டுக்கு நாலு கோடிப் பயணிகள் வந்தால் பெட்டிகளை எப்படிப் பிரிப்பது என்று ஒரு முழு நாள். நோட்டாம் எழுதுவதற்கு அரை மணி நேரம். சர்வதேச அளவில் ஏ.சி.ஐ. என்ற விமான நிலையங்களின் அமைப்பும் ஐகாவோவும் சேர்ந்து 2007இலிருந்து ஆம்பாப் என்று ஒரு மேலாளர் பயிற்சி நடத்துகின்றன. ஆறு பாடங்கள், மூன்று வருடத்துக்குள் முடிக்க வேண்டும். நல்ல படிப்புதான், முடித்தவர்களோடு பேசியிருக்கிறேன். ஆனால் ஒரே ஆள் இருக்கும் நிலையத்திலிருந்து அவரை யார் விடுவிப்பது? நான் போன பத்து நாளும் என் இடத்தில் இருந்தவர் கணக்குப் பிரிவுக்காரர். பாவம், தினமும் ராத்திரி போன் செய்வார்.

எங்களுக்கு வேண்டியது இன்னும் சின்னது. உதாரணமாக மழை. 2021 நவம்பர் 4 முதல் ஓடுபாதையின் நிலையை உலகம் முழுக்க ஒரே முறையில் சொல்ல வேண்டும் என்று ஐகாவோ கொண்டுவந்தது. பாதையை மூன்று பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை ஓர் எண். காய்ந்திருந்தால் 6, ஈரம் என்றால் 5, தேங்கிய தண்ணீர் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் நேராக 2. ஒரு பாகத்தில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவாக நனைந்திருந்தால் அதை 6 என்றே சொல்ல வேண்டும். வகுப்பில் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். கொட்டுகிற மழையில், விமானம் வர இருபது நிமிடம் இருக்கும்போது, ஜீப் விளக்கு வெளிச்சத்தில் குனிந்து, இது 3 மில்லிமீட்டரா நாலா, இந்தப் பாகத்தில் கால்வாசிதானா என்று முடிவு செய்வது வேறு. 5க்கும் 2க்கும் நடுவில் விமானி போடும் பிரேக் கணக்கே மாறிவிடும். இதை அந்த ஓடுபாதையிலேயே, மழை நாளில், பழகிய ஒருவர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். படம் போட்டுக் காட்டினால் வராது.

அப்புறம் அவசரகால ஒத்திகை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது முழு அளவில் நடத்த வேண்டும், நடுவில் பகுதி ஒத்திகைகள். சின்ன நிலையத்தில் தீயணைப்பு வண்டி ஒன்றோ இரண்டோதான், வெளியே இருந்து வண்டிகள் வந்தால்தான் சமாளிக்க முடியும். ஓடுபாதையின் எந்த இடத்துக்கும் மூன்று நிமிடத்துக்குள் தீயணைப்பு வண்டி போய்ச்சேர வேண்டும் என்பது விதி. அதை நாங்கள் செய்துவிடுவோம். வெளி வண்டிகள் உள்ளே வரும் அவசர வாசலின் பூட்டு துருப்பிடித்திருந்ததை ஓர் ஒத்திகையில்தான் கண்டுபிடித்தோம். சாவி எங்கே என்று தேடியதில் பதினொரு நிமிடம் போனது. தொலைபேசிப் பட்டியலில் முதல் பெயர் பணி ஓய்வு பெற்றுப் போனவருடையது. எந்தப் பாடத்திட்டத்திலும் ‘பூட்டைத் திறந்து பார்’ என்று இல்லை, ஆனால் இன்னொரு நிலையத்து ஆள் ஒருவர் வந்து ஒரு நாள் கூட நடந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்.

அதனால் என் யோசனை இது. சின்ன நிலைய மேலாளர்கள் வருடத்தில் ஒரு வாரம் ஒருவர் நிலையத்தில் இன்னொருவர் போய் வேலை பார்க்கட்டும், அந்த வாரம் அவர் இடத்தை நிரப்ப ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடலாம், சந்தோஷமாக வருவோம். மாதம் ஒரு முறை, பெயரும் ஊரும் இல்லாமல், சின்னச் சின்னத் தப்புகளை மட்டும் தொகுத்து இரண்டு பக்கம் எல்லா நிலையத்துக்கும் போகட்டும். பெரிய செலவு ஒன்றுமில்லை.

புதுத் தொழில்நுட்பம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்வீடனில் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் என்ற சின்ன நிலையத்துக்கு வரும் விமானங்களை 2015இலிருந்து வேறு நகரத்தில் உட்கார்ந்து கேமரா வழியாகப் பார்த்து வழிநடத்துகிறார்கள். அருமையான ஏற்பாடு, நான் எதிர்க்கவில்லை. ஆனால் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆள் இல்லாவிட்டாலும் ஓடுபாதையில் கிடக்கும் போல்ட்டைக் குனிந்து எடுக்க ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும். கோபுரத்துக்காரர் ஜன்னல் வழியாகத் தற்செயலாகக் கவனித்துச் சொன்ன விஷயங்களையும் இனி தரையில் இருக்கும் அந்த ஒருவரே கவனிக்க வேண்டும். அவருக்கான பயிற்சி கூடத்தான் வேண்டும், குறையாது.

உங்கள் நிருபர் அடுத்த முறை ஒரு சின்ன நிலையத்தின் திறப்பு விழாவுக்குப் போனால், மேடையில் இருப்பவர்களை விட்டுவிட்டு மேலாளரைத் தேடிப் பிடிக்கட்டும். இரண்டே கேள்வி. நீங்கள் விடுப்பில் போனால் காலையில் ஓடுபாதையைப் பார்ப்பது யார்? அவசர வாசலின் சாவி இப்போது எங்கே இருக்கிறது? என்ன பதில் வந்தாலும் அதை அப்படியே அச்சில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிறு விமான நிலைய மேலாளர் ஒருவர்