அரைச்சம்பளம் வேறு, ஓய்வூதியம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாரமலரில் வெளிவந்த, ஓய்வூதியத்தின் வரலாறு பற்றிய கட்டுரையின் முதற்பகுதியை ஆறுதலாக இரண்டு முறை வாசித்தேன். இத்தகைய விடயங்களுக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்கியமைக்கு முதலில் நன்றி. கட்டுரையில் ஓரிடத்தில், பிரித்தானியக் கடற்படை 1668 ஆம் ஆண்டிலேயே தன் அதிகாரிகளுக்கு ‘அரை ஓய்வூதியம்’ வழங்கத் தொடங்கிவிட்டது என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டு சரி. ஆனால் அன்று கொடுக்கப்பட்டது ஓய்வூதியம் அன்று, அரைச்சம்பளம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அரச அலுவலகங்களில் ஓய்வூதியக் கோவைகளைப் புரட்டியே கண்ணாடியின் தடிப்பைக் கூட்டிக்கொண்டவன் என்ற முறையில், இதை ஒரு சொற்பிழை என்று விட்டுவிட என்னால் இயலவில்லை. இந்த இரண்டு சொற்களையும் ஒன்றாகக் கொண்டதால்தான் அந்தக் கடற்படையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அல்லற்பட்டது.

அக்காலத்தில் கடற்படை அதிகாரி ஒருவரின் நியமனம் ஒரு குறிப்பிட்ட கப்பலுக்கு உரியதாகவே இருந்தது. போர் முடிந்து கப்பலைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டதும் மாலுமிகளின் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். கப்டனும் அன்றோடு வேலையற்றவராக வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அடுத்த போர் வெடிக்கும்போது அனுபவமுள்ள ஆட்கள் கைக்கு எட்டவேண்டும் என்ற முன்யோசனையோடு 1668 இல் உயர் தளபதிகளுக்கும், 1674 இல் பெரிய கப்பல்களின் கப்டன்களுக்கும் சம்பளத்தின் ஒரு பகுதியைக் கொடுத்து வைத்திருந்தார்கள். 1693 இல் இது மேலும் பலருக்கு விரிவாக்கப்பட்டது. அழைத்தபோது வந்து கப்பலேறவேண்டும் என்பதே இதற்குரிய கடப்பாடு. செய்து முடித்த சேவைக்கான நன்றிக்காசாக அல்லாமல், இனிச் செய்யவிருக்கும் சேவைக்கான அச்சாரமாகவே அது கொடுக்கப்பட்டது. படை அதிகாரி ஒருவர் தன் அரைச்சம்பளத்தைக் கடன்காரருக்கு எழுதிக்கொடுக்க முடியாது என்று 1790 இல் லண்டன் நீதிமன்றம் தீர்த்ததற்கும் இதுவே அடிப்படை: சேவைக்கு ஆயத்தமாக இருப்பதற்காக அரசர் கொடுக்கும் பணம் வட்டிக்கடைக்குப் போனால், நாளை அழைப்பு வரும்போது அந்த மனிதர் எப்படிச் சீருடை வாங்கிக் கப்பலேறுவார்? பென்சன் புத்தகத்தை அடகு வைக்கக்கூடாது என்ற விதி இருந்தும், அதைக் கடைக்காரரின் மேசை லாச்சிக்குள் கண்டிருக்கிற எங்களுக்கு இந்த வழக்கு புதுமையாகத் தோன்றாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உண்மையான ஓய்வூதியம் என்று சொல்லத்தக்கது அக்கடற்படையில் முதலில் கப்டன்மாருக்குக் கிடைக்கவில்லை. கப்பலை வழிசெலுத்தும் பொறுப்புள்ள மாஸ்டர், பீரங்கிக்குப் பொறுப்பானவர், தச்சர் ஆகியோர் பதினைந்து ஆண்டு சேவைக்குப் பிறகு முதுமையால் இயலாமற்போனால் அவர்களுக்குக் கொடுப்பனவு உண்டு என்று 1672 இல் ஆணையாயிற்று. அதற்கும் முன்னர், 1590 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் சத்தாம் துறைமுகத்தில் ஒரு நிதிப்பெட்டி வைக்கப்பட்டு, ஒவ்வொரு மாலுமியின் சம்பளத்திலும் மாதம் ஆறு பென்சு பிடிக்கப்பட்டு, அதிலிருந்து காயமுற்றவர்களுக்கு உதவி வழங்கப்பட்டது. ஒருவர் தனியாகத் திறந்துவிடாதபடி அந்த இரும்புப் பெட்டிக்குப் பல பூட்டுகள் போட்டிருந்தார்கள். ஆயினும் பெட்டியின் கணக்கு எப்போதும் சுத்தமாக இருந்ததாகச் சொல்வதற்கில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் விதவைகளுக்குச் செய்த ஏற்பாடு இதைவிட விசித்திரமானது: ஒவ்வொரு கப்பலின் இடாப்பிலும் நூறு பேருக்கு ஒருவர் இருவர் என்ற கணக்கில் பிறவாத மாலுமிகளின் பெயர்களை எழுதி, அந்தப் பொய்ப் பெயர்களுக்கு விழும் சம்பளத்தை அதிகாரிகளின் விதவைகளுக்கான நிதியில் சேர்த்தார்கள். எங்கள் காலத்தில் ஒரு இலிகிதர் இப்படி ஒரு இடாப்பைத் தயாரித்திருந்தால் அவர் மறுநாளே இடைநிறுத்தப்பட்டிருப்பார்.

ஒரே மனிதரின் வாழ்க்கையில் இந்த இரண்டு வகைப் பணமும் வந்துபோனதற்கு நெல்சன் தளபதி நல்ல உதாரணம். 1787 முடிவிலிருந்து 1793 தொடக்கம் வரை ஐந்து ஆண்டுகள் அவர் கப்பலின்றித் தன் தந்தையின் ஊரில் அரைச்சம்பளத்தோடு, அழைப்புக் கடிதத்தை எதிர்பார்த்திருந்தார். 1797 இல் தெனரீவ் தீவில் வலது கையை இழந்த பின்னர் அவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண் ஓய்வூதியம் கிடைத்தது. முன்னையது அவர் காத்திருந்ததற்குக் கிடைத்தது, பின்னையது அவர் இழந்த கைக்குக் கிடைத்தது. ஓய்வூதியம் பெற்ற பிறகும் அவர் கடலிலேதான் இருந்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். ஓய்வூதியம் என்றால் ஓய்வு என்று அக்காலத்தில் பொருளில்லை.

குழப்பம் எங்கே தொடங்கியது என்றால், அரைச்சம்பளத்துக்கு முடிவுத்தேதி என்று ஒன்று இல்லாமல் இருந்ததில்தான். ஒருவர் கப்டன் பட்டியலில் ஏறிவிட்டால், அதன் பிறகு மேலே உள்ளவர்கள் இறக்க இறக்கப் படிப்படியாக உயர்ந்து அட்மிரல் ஆவது வெறும் மூப்பு வரிசைப்படியே நடந்தது. திறமையுள்ள இளையவர் ஒருவரை உயர்த்தவேண்டுமானால், அவருக்கு மேலே உள்ள அத்தனை பேரையும் உயர்த்தியாக வேண்டும். இதைச் சமாளிக்க 1747 இல் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். உதவாதவர் என்று கருதப்பட்ட மூத்த கப்டன்களுக்கு அட்மிரல் என்ற பட்டத்தையும் அதற்குரிய அரைச்சம்பளத்தையும் கொடுத்து, எந்தப் படைப்பிரிவையும் கொடுக்காமல் வீட்டிலேயே இருத்திவிட்டார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று பிரிவுகள் இருந்த கடற்படையில், இவர்களை ‘மஞ்சள் அட்மிரல்கள்’ என்று சகபாடிகள் கேலி செய்தார்கள். அச்சாரக் காசு ஓசைப்படாமல் ஓய்வூதியமாக மாறியது இங்கேதான்.

1815 இல் நெப்போலியனுடனான போர் முடிந்ததும், போரின் உச்சத்தில் 1,40,000 பேருக்கு மேல் இருந்த படை இரண்டே ஆண்டுகளில் 20,000 இற்கும் கீழே சுருங்கியது. மாலுமிகளை அனுப்பிவிடலாம், அதிகாரிகளை அனுப்ப வழியில்லை. பத்து அதிகாரிகளுக்கு ஒன்பது பேர் அரைச்சம்பளத்தில், கப்பல் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு தலை நரைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதன் விளைவைக் காண நாம் லண்டனுக்குப் போகவேண்டியதில்லை, திருகோணமலைக்குப் போனால் போதும். கோட்டைக்கு அண்மையில் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் ரியர் அட்மிரல் சார்ல்ஸ் ஒஸ்ரின் என்பவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் மிகப் புகழ்பெற்ற நாவலாசிரியை ஒருவரின் தம்பி என்பதற்காகவே அங்கே வெளிநாட்டவர்கள் போவதுண்டு. எனக்கோ அவருடைய சேவைக்கோவைதான் முக்கியமாகப் படுகிறது. 1779 இல் பிறந்து 1810 இல் கப்டனானவர். 1816 இல் அவருடைய கப்பல் சின்னாசியக் (இன்றைய துருக்கி) கரையில் உடைந்தது. விசாரணையில் குற்றமற்றவர் என்று தீர்க்கப்பட்டும் அடுத்த கப்பலுக்கு 1826 வரை அவர் காத்திருக்க நேர்ந்தது. மூப்பு வரிசை நகர்ந்து அவர் ரியர் அட்மிரல் ஆனபோது ஆண்டு 1846. கிழக்கிந்தியக் கடற்பிரிவின் தலைமை கிடைத்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இரண்டாவது பர்மியப் போரில், எழுபத்து மூன்றாவது வயதில், ஐராவதி ஆற்றில் வாந்திபேதி கண்டு 1852 ஒக்டோபரில் இறந்தார். அவரது தமையனார் பிரான்சிஸ் 1863 இல், எண்பத்தொன்பதாவது வயதில், கடற்படையின் அதியுயர் பதவிக்கு உயர்த்தப்பட்டார்! இருவரும் கடமையில் குறைவற்றவர்கள். அவர்களைக் குறைசொல்வது என் நோக்கமன்று. ஓய்வு என்ற ஒன்றை விதிகளில் எழுதாத நிருவாகம், பேரப்பிள்ளைகளோடு இருக்கவேண்டிய வயதில் ஒரு மனிதரைச் சதுப்பு ஆற்றில் போர் செய்ய அனுப்பியது என்பதே நான் சொல்ல வருவது.

இடையிடையே சில சீர்திருத்தங்கள் நடந்தாலும், 1870 இல் கடற்படை அமைச்சராக இருந்த ஹியூ சில்டர்ஸ் என்பவரின் திட்டம்தான் முடிச்சை அவிழ்த்தது. ஒவ்வொரு தரத்துக்கும் வயதெல்லை வைக்கப்பட்டது. குறிப்பிட்ட காலம் கடற்பணியில் இல்லாதிருந்தவர்களும் கட்டாயமாக இளைப்பாற்றப்பட்டார்கள். அவர்களுக்குரிய ஓய்வுச்சம்பளம் அரைச்சம்பளத்திலிருந்து பிரித்துக் கணக்கிடப்பட்டது. ஆயினும் 1815 இற்கு முன்னைய பிரெஞ்சுப் போர்க்காலத்தில் ஒரு கப்பலைத் தலைமை தாங்கியவர் எவரோ அவர் இறுதிவரை சேவைப்பட்டியலில் இருக்கலாம் என்று ஒரு விதிவிலக்கு வைத்தார்கள். 1813 இல் ‘ஷானன்’ கப்பலின் கப்டன் படுகாயமுற்று, அவருக்கு அடுத்தவர் கொல்லப்பட, இளம் லெப்டினன்டாக இருந்த புரோவோ வாலிஸ் என்பவர் சில நாட்கள் அக்கப்பலைப் பொறுப்பேற்றுத் துறைமுகம் சேர்த்திருந்தார். அந்தச் சில நாட்களின் பலத்தால் அவர் 1892 இல் நூறு வயதில் இறக்கும்வரை முழுச்சம்பளத்தோடு சேவையில் இருந்தார். நூறை நெருங்கிய வயதில் அவரை இளைப்பாறுமாறு மேலிடம் நாசூக்காகக் கேட்க, ‘கடலுக்குப் போகத் தயார்’ என்று அவர் பதில் எழுதியதாக ஒரு கதையும் உண்டு. விதி வரைபவர்கள் ஒரு வாக்கியத்தைக் கவனியாமல் எழுதினால் அது எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல கோவையை நான் கண்டதில்லை.

கடற்படை என்ற சொல் இந்தக் குடாநாட்டில் எத்தகைய நினைவுகளை எழுப்பும் என்பதை அறியாதவனல்லன். நான் இங்கே பேசுவது பிறிதொரு நாட்டின் பழைய சம்பளப் பதிவேடுகளைப் பற்றியே. ஆனால் அந்தப் பதிவேடுகளின் மனப்பான்மை எங்கள் மேசைகள் வரை வந்தது என்பதைச் சொல்லியாகவேண்டும். ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்’ என்று எங்கள் முன்னோர் பிள்ளைகளை உத்தியோகத்துக்கு அனுப்பியது, மாதச்சம்பளத்தை மட்டுமன்றி அதற்குப் பின்னால் வரும் பென்சனையும் எண்ணித்தான். மலாயாவில் உழைத்து, ஊர் திரும்பி, கல்வீடு கட்டி, ‘மலாயன் பென்சனியர்’ என்ற பெயரோடு வாழ்ந்த முதியவர்களை என் சிறுவயதில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் காணலாம். அதே எண்ணத்தோடு அரசாங்கச் சேவையில் சேர்ந்த நான், 1901 இல் இயற்றப்பட்ட ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பை முதன்முதலில் கையிலெடுத்தபோது, அதன் முதற்பிரிவே, இந்த விதிகளின்கீழ் எந்த ஓய்வூதியத்துக்கும் அரச ஊழியருக்கு முழுமையான உரிமை இல்லை என்று சொல்வதைக் கண்டு திகைத்தேன். ஓய்வூதியத்தை அரசரின் தயவாகப் பார்த்த பழைய லண்டன் அலுவலகத்தின் குரலையே அந்த வரியில் கேட்டேன்.

ஆகவே கட்டுரையாளரிடம் என் கோரிக்கை இரண்டு. முதலாவது, ‘அரை ஓய்வூதியம்’ என்பதை ‘அரைச்சம்பளம்’ என்று திருத்தி, அது காத்திருப்புக்கான பணம் என்று ஒரு வரி சேர்க்கவேண்டும். இரண்டாவது, அடுத்த வாரப் பகுதியில் இலங்கையின் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் பற்றி எழுதவிருப்பதாக அவர் அறிவித்திருக்கிறார். 1898 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நடந்த அந்த நிதிக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்தே மாதாமாதம் பணம் பிடிக்கப்பட்டது. சத்தாம் பெட்டிக்குப் போன ஆறு பென்சைப் போல, அதுவும் உழைத்தவர் தாமே போட்ட காசு. அதை எழுதும்போது ‘அரசாங்கத்தின் உதவிப்பணம்’ என்ற சொற்றொடரைத் தவிர்த்துக்கொள்ளும்படி தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இளைப்பாறிய பிரதம இலிகிதர்,
யாழ்ப்பாணம்.