கற்றுத் தருபவர் எங்கே வேலை பார்த்தார்?

ஆசிரியருக்கு,

சாதாரண நிலைத் தேர்வு எழுதிய மகனுடன் ஜனவரியில் சிங்கப்பூரின் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியின் ஓப்பன் ஹவுசுக்குப் போயிருந்தேன். அவனுக்கு விமானப் பராமரிப்புப் படிக்க ஆசை.

ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) இருந்த பயிற்றுநர் ஆகாயப் படையில் பல காலம் டெக்னீஷியனாக இருந்தவராம். இரண்டு போல்ட் தலைகளில் மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கிக் காட்டினார். கம்பி எப்போதும் போல்ட்டை இறுக்கும் பக்கமே இழுக்க வேண்டுமாம். மாற்றிக் கட்டினால் பார்வைக்கு அழகாக இருக்கும், போல்ட் மட்டும் கழன்றுவிடும். "ராத்திரி மூணு மணிக்கு, டார்ச் வெளிச்சத்துல இதைச் சரிபார்க்கணும் தம்பி" என்றார். மகன் அன்று வேறெதையும் பார்க்கவில்லை.

வீடு திரும்பி அக்கல்லூரியின் கையேட்டைப் புரட்டினேன். பயிற்றுநர்களின் பட்டங்கள் வரிசையாக இருந்தன. யார் எந்த விமானத்தில், எத்தனை ஆண்டு வேலை பார்த்தார், எஸ்ஏஆர்-66 உரிமம் வைத்திருக்கிறாரா, ஒரு வரி இல்லை. இங்கே, பராமரிப்பு முடிந்த விமானம் பறக்கலாம் என்று கையெழுத்திடுவதற்கே அந்த உரிமம் வேண்டும். அதற்குத் தேர்வோடு வேலை அனுபவமும் கேட்கிறார்கள். அப்புறம் கற்றுத் தருபவரின் அனுபவத்தை ஏன் மறைக்க வேண்டும்?

பட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. காற்றியக்கவியலுக்கு முனைவர் இருக்கட்டும். ஆனால் சிலேத்தார், சாங்கி விமான நிலையங்களில் கை கறுக்க உழைத்தவர்களின் பணிவரலாற்றையும் அதே பக்கத்தில் அச்சிடலாமே.

ஒரு தந்தை,
ஈசூன்