பங்குப் பிரிப்பும் கணக்குப் பதிவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தனிநபர் நிதி மென்பொருளில் முதலீட்டுக் கணக்கு எழுதுவோர் பலர், பங்குப் பிரிப்பில், அதாவது நிறுவனம் ஒரு பங்கைப் பல சிறு பங்குகளாகப் பிரிக்கும்போது, கூடுதலாக வரும் பங்குகளை விலையில்லாத புதிய கொள்முதலாகப் பதிந்துவிடுகின்றனர். எண்ணிக்கை சரியாக இருப்பதால் பிழை கண்ணில் படுவதில்லை. பங்கு ஒன்று 500 ரூபாய் வீதம் வாங்கிய 100 பங்குகள் ஒவ்வொன்றும் ஐந்தாகப் பிரிந்தால், 500 பங்குகளுக்கும் அடக்கவிலை தலா 100 ஆகும். மொத்த முதலீடான 50,000 மாறாது, வாங்கிய தேதியும் மாறாது. கூடுதல் 400 பங்குகளைச் சுழிய விலையில் பதிந்தவர் 100 பங்குகளை விற்கும்போதோ, முதலில் வாங்கியதே முதலில் விற்கப்பட்டதாகக் கொள்ளும் மென்பொருள், அடக்கவிலையை 500 என்றே எடுத்துக்கொண்டு இல்லாத நட்டத்தைக் காட்டும். வரிக் கணக்கு வரை நீளும் பிழை இது.

பழைய விலைகளிலும் கவனம் தேவை. ஆப்பிள் பங்கு 2020 ஆகஸ்டில் நான்காகப் பிரிக்கப்பட்டது. பிரிப்புக்கேற்பத் திருத்தப்பட்ட விலைகளைப் பதிவிறக்கி, பிரிப்புக்கு முன்பிருந்த பங்கு எண்ணிக்கையோடு பெருக்கினால் முந்தைய மதிப்பு கால்பங்காகச் சுருங்கித் தெரியும்.

குனூகேஷ் போன்ற மென்பொருள்களில் பிரிப்பைப் பதியத் தனி வசதியே உண்டு. அதன் பயன்பாட்டைத் தங்கள் வணிகப் பக்கத்தில் எடுத்துக்காட்டுடன் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்