கல்லிடைக்குறிச்சிக்குப் போகுமுன்

அன்புள்ள ஐயாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ கட்டிக்கொள்ள நினைக்கிற பிள்ளையின் வீட்டுக்கு முதல் தடவையாகப் போகப்போகிறாய். நேற்று போனில், "அங்க போய் என்னம்மா பேசணும்?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள், "சரி, நானே பாத்துக்கிடுதேன்" என்று நீயே சொல்லி வைத்தும் விட்டாய். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் சில்லறை விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷனில் செங்கோட்டை ரயிலைப் பிடி. பைக் வேண்டாம், வீரவநல்லூர் தாண்டுவதற்குள் சட்டை கசங்கிவிடும். வேட்டியும் வேண்டாம். உனக்கு அது இடுப்பில் நிற்காது, எப்போதும் ஒரு கை அதிலேயே இருக்கும். இஸ்திரி போட்ட பேண்ட் சட்டை போதும். அந்தக் கயிறு கட்டும் ஷூவை மட்டும் தொடாதே. அவர்கள் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்பார்கள். நீ குனிந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருப்பாய். முதன்முதலில் அவர்கள் பார்ப்பது உன் முதுகாகவா இருக்க வேண்டும்? செருப்புப் போட்டுப் போ.

உன் தங்கச்சி சைக்காலஜி படித்தாலும் படிக்கிறாள், தினம் ஒன்று சொல்லிப் பயமுறுத்துகிறாள். 2006-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்களாம். ஒரு முகத்தைப் பார்த்து, இந்த ஆளை நம்பலாமா என்று முடிவு கட்ட ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதுமாக இருந்ததாம். கூடுதல் நேரம் கொடுத்தும் முடிவு பெரிதாக மாறவில்லையாம். இருக்கட்டும். அந்த நேரத்துக்குள் நீ என்ன செய்துவிட முடியும்? ஷேவ் பண்ணிக்கொண்டு சிரித்த முகமாக நில். அதற்கப்புறம் அந்த வீட்டில் இருக்கப்போகிற இரண்டு மூன்று மணி நேரம்தான் உன் கையில் இருக்கிறது.

கையில் என்ன கொண்டுபோவது என்று தங்கச்சியிடம் கேட்டாயாம். அல்வா வாங்காதே, திருநெல்வேலிக்கே அல்வாவா என்று அந்தப் பிள்ளையே உன்னைக் கிண்டல் செய்வாள். புனேயில் இருந்து அந்த ஊர்ப் பலகாரம் பாகர்வடி வாங்கி வா, இங்கே பழமும் பூவும் நான் எடுத்து வைக்கிறேன்.

எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் ஆட்கள் தடுமாறுவார்கள். அங்கிள், ஆன்ட்டி என்று ஆரம்பித்தால் அந்த வீட்டுக்கு ஒட்டாது. எடுத்த எடுப்பில் மாமா, அத்தை என்றால் தாலி கட்டிய பிறகு வந்தவன் மாதிரி இருக்கும். முறை சொல்லாமல் "வாங்க", "சொல்லுங்க" என்று மரியாதையாகப் பேசிக்கொண்டிரு, முறையை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். ஆச்சி ஒருத்தி இருப்பதாகச் சொன்னாயே, அவளை மட்டும் கூசாமல் ஆச்சி என்றே கூப்பிடு. நம் பக்கத்தில் எந்த வயதான பெண்ணும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளே போனதும் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார். நீ போன பிறகு அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று நினைக்கிறாய்?

காபி குடிக்கமாட்டாய் என்பதை முதல் தடவையே சொல்லிவிடு, மோர் கொடுங்க என்று கேள். மரியாதைக்காகக் குடித்து வைத்தால் ஆயுசுக்கும் அந்த வீட்டில் காபிதான். சாப்பாட்டுக்குச் சொதி இருக்காது, எதிர்பார்க்காதே. அது மறுவீட்டு விருந்துக்கு. முதல் நாளே தேங்காய்ப்பால் எடுத்துச் சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைத்தார்களென்றால் எனக்கு உடனே போன் பண்ணு, நான் மண்டபம் பார்க்க ஆரம்பிக்கிறேன்.

இப்போது பேச்சு. துணிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றவள் நான். கல்யாணப் பட்டெடுக்க இரண்டு வீட்டாரும் சேர்ந்து வருவார்கள். பாதிப் பேர் ஒருவருக்கொருவர் அப்போதுதான் சரியாக முகம் பார்ப்பார்கள். சேலையை விரித்துப் போட்டுக்கொண்டே அவர்களைப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. மாப்பிள்ளையின் அம்மா, "உனக்கு எந்தக் கலர் பிடிக்கும்மா?" என்று ஆசையாகத்தான் கேட்பாள். பெண் சேலைகள் மேல் கண்ணை ஓட்டிக்கொண்டிருப்பாள், ஒரு சேலையின் முந்தியைத் தொட்டும் விடுவாள். அதற்குள், "அரக்கு எடுப்பா இருக்கும், அதையே எடுத்திருவோம்" என்று இந்தம்மாளே முடித்துவிடுவாள். பெண்ணின் விரல் மெதுவாகப் பின்னால் போகும். கேட்டவளுக்குக் கெட்ட எண்ணமே கிடையாது. ஆனாலும் அந்தப் பெண் அன்றைக்கு எடை போட்டு வைத்தது வைத்ததுதான்.

உனக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது, ஐயா. கேள்வி கேட்பாய், எதிராளி யோசிக்கும்போதே பதிலையும் நீயே சொல்வாய். கூச்சத்தில் வருகிற அவசரம் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு அப்பளத் தொழில் என்றாய். உளுந்து இப்போ எப்படி வருது, பிரண்டைச் சாறு இன்னும் சேர்க்கிறீங்களா என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டு நிதானமாகத்தான் ஆரம்பிப்பார். இடையில் வருகிற மௌனத்தை நீ நிரப்ப வேண்டாம். தாமிரபரணித் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்று கட்டாயம் சொல்வார். செல்லை எடுத்துச் சரிபார்க்காதே. செல் பைக்குள்ளேயே கிடக்கட்டும்.

உன் சம்பளம், ஆபீஸ் எல்லாம் அவர்களாகக் கேட்டால் சொல், போதும். அந்தப் பிள்ளை ஏற்கெனவே சொல்லியிருப்பாள்.

தங்கச்சி சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒன்றும் உண்டு. 2018-ல் எரிகா பூத்பி என்பவரும் கூட இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு. முன்பின் தெரியாத இரண்டு பேரைப் பேசவிட்டு, அப்புறம் தனித்தனியாக விசாரித்திருக்கிறார்கள். என்னை அவருக்கு அவ்வளவாகப் பிடித்திருக்காது என்றே பலரும் நினைத்தார்களாம். எதிராளிக்கோ அவர்கள் நினைத்ததைவிட அதிகமாகவே பிடித்திருந்ததாம்.

ஆகவே திரும்பி வரும்போது ரயிலில் இருந்து, "அம்மா, சொதப்பிட்டேன்" என்று போன் பண்ணினால் நான் நம்பப்போவதில்லை. அந்தப் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். பாகர்வடி வாங்கும்போது நம் வீட்டுக்கும் ஒரு பாக்கெட் சேர்த்து வாங்கு.

அன்புடன்,
அம்மா