127 போய் 126 வந்த கதை: ஒரு நன்றி மடல்

ஹட்டன் அண்ணனுக்கும், தலவாக்கலை சேருக்கும், பண்டாரவளைத் தங்கச்சிக்கும்,

எங்கள் தோட்ட டிவிசன் வாசிகசாலையின் பழைய விழா மலர்களை ஸ்கேன் செய்து ஏற்றினால், படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் டெசராக்ட் என்ற மென்பொருள் அதிலுள்ள தமிழைப் பிரித்துக் கொடுக்கும் வலைப்பக்கம் ஒருவழியாக ஓடுகிறது. இரண்டு வாரம் உங்கள் மூவரின் உயிரையும் வாங்கிவிட்டேன். நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

டெர்மினலில் (கொமாண்ட் அடிக்கும் திரையில்) நான் அடித்தால் வேலை செய்த கொமாண்ட், வலைப்பக்கத்தை எழுதிய மொழியான பிஎச்பி வழியாக ஓடினால் வெறும் வெள்ளைப் பக்கம். அண்ணன் கடையில் ஒரு ப்ளேன்டீ குடித்து முடிப்பதற்குள் கேட்டார்: "அது என்ன சொல்லுச்சுன்னு பார்த்தியா தம்பி?" பார்க்கவில்லை. பிஎச்பியிலிருந்து கொமாண்டை ஓட்டும் ஷெல் எக்செக் என்ற ஃபங்ஷன் பிழைச் செய்தியைக் கையில் தராது. அது வேறு வாசலால் போய்விடும். கொமாண்டின் கடைசியில் 2>&1 சேர்த்து அந்தச் செய்தியை இந்த வாசலுக்கே திருப்பி, எக்செக் என்ற இன்னொரு ஃபங்ஷன் மூலம், கொமாண்ட் எப்படி முடிந்தது என்று சொல்லும் முடிவு எண்ணையும் வாங்கினோம். 127. அப்படியொரு கொமாண்டே கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

டெசராக்ட்டை என் ஹோம் போல்டருக்குள் போட்டிருந்தேன். வெப்சேர்வர் ஓடுவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற வேறு பயனராக. என் டெர்மினலின் பேஷ் அமைப்பில் எழுதிய பாத், அதாவது கொமாண்டுகளை எங்கே தேடுவது என்ற பட்டியல், அதற்குத் தெரியாது. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) போகும் குறுக்குப்பாதை நேற்று வந்த வாட்சருக்கு எப்படித் தெரியும்? சரி, முழுப் பாதையையும் எழுதினேன். இப்போது 126. ஆளைக் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் ஓட்ட அனுமதி இல்லை. என் ஹோம் போல்டர் மற்றவர்களுக்குப் பூட்டியிருந்தது. 777 போட்டு எல்லோருக்கும் எல்லா அனுமதியையும் திறந்துவிடவா என்றேன். அண்ணன் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. எல்லாவற்றையும் ஒப்ட் என்ற பொது போல்டருக்கு மாற்றினோம்.

அப்புறம் தமிழ்த் தரவுக் கோப்பைக் காணோம் என்றது. சேர் போனிலேயே சொன்னார்: சூடோ மூலம் அந்தப் பயனராக மாறி, env -i என்று போட்டு, என் அமைப்புகள் எதுவும் இல்லாத வெறும் சூழலில் ஓட்டிப் பார். டெர்மினலிலேயே அதே பிழை வந்தது. தரவுக் கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் டெஸ்டேட்டா பிரிஃபிக்ஸை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதியதும் சரியானது.

முடிந்தது என்று நினைத்தேன். அப்போதும் சில படங்கள் விழுந்தன. "இங்கிலிஷ்ல பெயர் வச்சதெல்லாம் போகுதுண்ணே, தமிழ்ப் பெயர்தான் நிக்குது" என்று கவனித்தது தங்கச்சி. எங்கள் சேர்வரில் இருப்பது பழைய பிஎச்பி 7.4. லொக்கேல் என்ற மொழி அமைப்பு, தமிழையும் தாங்கும் யூடிஎப்-8 ஆக இல்லாவிட்டால், கோப்புப் பெயரைக் கொமாண்டுக்குப் பாதுகாப்பாகக் கொடுக்கும் எஸ்கேப்ஷெல்ஆர்க் என்ற ஃபங்ஷன் தமிழ் எழுத்துகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். காமன்கூத்து.ஜேபிஜி என்று அனுப்பினால் கொமாண்டுக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் .ஜேபிஜி. அந்த அமைப்பை மாற்றும் செட்லொக்கேலில் சி.யூடிஎப்-8 என்று ஒரு வரி. அவ்வளவுதான். எழுத்தை மீட்க எழுதிய ஸ்கிரிப்டே எழுத்தைத் தின்றுகொண்டிருந்ததை நினைத்து அன்றைக்கு இரவு தனியாகச் சிரித்தேன்.

தங்கச்சி, பரீட்சை நேரத்தில் தொல்லை கொடுத்ததற்கு மன்னித்துக்கொள். சேர், அடுத்த மலர் கிடைத்ததும் உங்களுக்குத்தான் முதலில் அனுப்புவேன். அண்ணே, உங்கள் பென்டிரைவ் இன்னும் என்னிடம்தான். ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.