கணிப்பீட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஹட்டன் பக்கம் பாலர் கல்வி டிப்ளோமா நடத்தும் எங்கள் சின்னக் கல்லூரியில், மாணவர் கற்றல் கணிப்பீட்டுத் திட்டத்தின் முதல் சுற்று முடிந்து அறிக்கையும் கல்விக் குழுவின் கைக்குப் போய்விட்டது. அந்த அறிக்கையில் நன்றியுரைக்கு அரைப் பக்கம்தான் கிடைத்தது. அதில் அடங்காதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரீட்சை வைப்பதும் புள்ளி போடுவதும் நாங்கள் எப்போதும் செய்து வருவதுதான். கணிப்பீடு அதையும் தாண்டிக் கேட்கிறது. இங்கே படித்து வெளியேறும் பிள்ளைக்கு என்னென்ன செய்ய வரவேண்டும் என்று முதலில் எழுதி வைக்கவேண்டும். அது வந்திருக்கிறதா என்று அவர்கள் செய்த வேலையிலேயே தேடவேண்டும். வராத இடத்தில் நாங்கள் கற்பிக்கும் முறையை மாற்றவேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு டிப்ளோமாவுக்குக் குறைந்தது 30 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றல். ஆக, 1500 மணித்தியாலம் ஒரு பிள்ளை படித்ததை நாலைந்து வினாத்தாளை மட்டும் வைத்து அளந்துவிட முடியுமா? எங்களைக் கிளப்பிவிட்ட கேள்வி இதுதான்.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர் ஐயாவுக்கு. பழைய வினாத்தாள்களை நூலக மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, நிறப் பேனாக்களோடு உட்கார்ந்துவிட்டார். 1956இல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமும் கூட இருந்தவர்களும் வகுத்து, 2001இல் திருத்தப்பட்ட அந்த ஆறு சிந்தனைப் படிகள் ஆசிரியப் பயிற்சிக்குப் போன எல்லோருக்கும் மனப்பாடம்: நினைவுகூர்தல், விளங்கிக்கொள்ளல், பிரயோகித்தல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல். ஒவ்வொரு வினாவுக்கும் அதன் படிக்குரிய நிறத்தில் கோடு போட்டார். நினைவுகூர்தலுக்குச் சிவப்பு. முடித்துவிட்டுத் தாள்களை எங்கள் பக்கம் திருப்பினார். அவ்வளவு சிவப்பு! பந்தி பந்தியாக விளக்கம் சொல்லியிருந்தால்கூட எங்களுக்கு அப்படி உறைத்திருக்காது.

தன் வினாத்தாளை இன்னொருவர் பேனாவோடு பார்ப்பது யாருக்கும் இனிக்காது. அதனால் இந்த மடலில் என் பெரிய நன்றி எங்கள் விரிவுரையாளர்களுக்குத்தான். பணம் தந்தவர்களை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். தன் கோப்பைத் திறந்து காட்டியவர்களை யாரும் மேடையில் கூப்பிட்டு மாலை போடுவதில்லை. கூட்டத்தில் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்களில் மூத்த மிஸ் எழுந்து, “என்னுடையதை முதல்ல எடுங்க. நான் இன்னும் ரெண்டு வருஷத்தில பென்ஷன் போறவ, எனக்கென்ன பயம்” என்று கோப்பை நீட்டினார். அறை முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு மற்றக் கோப்புகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

இங்கே அதிபருக்கும் ஒரு நன்றி. கணிப்பீட்டில் தெரியவருவது எதையும் விரிவுரையாளர்களின் பதவி உயர்வுக்கோ மாணவரின் பெறுபேற்றுக்கோ பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்திலேயே தந்தார். வாய்ப்பேச்சாக மட்டும் விட்டிருந்தால் திட்டம் அந்த வாரமே படுத்திருக்கும் என்பது என் எண்ணம். அந்த எழுத்தைக் காப்பாற்றியவர் எங்கள் அலுவலக எழுதுவினைஞர் தங்கச்சி. ஒவ்வொரு ஒப்படையிலும் பெயர் இருக்கும் இடத்தில் தாள் துண்டு ஒட்டி, குறியீட்டு இலக்கம் போட்டு, அப்புறம்தான் பிரதி எடுத்தார். யார் யாருக்கு எந்த இலக்கம் என்ற பட்டியல் அவருடைய லாச்சியில் பூட்டிக் கிடக்கிறது. நான் கேட்டும் தரவில்லை. தராததற்கும் நன்றி.

கண்டியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து எங்களோடு முழு நாள் இருந்த பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு அடுத்து. அமெரிக்கக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்கள் சங்கம் 2009இல் வெளியிட்ட ‘வேல்யூ’ மதிப்பீட்டு அட்டவணைகளை எங்களுக்கு அறிமுகம் செய்தவர் அவர். நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் மாணவரின் வேலை எப்படி இருக்கும் என்று ஒரு சின்ன விவரிப்பு. “அட்டவணையின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வசனங்களை உங்கள் பிள்ளைகளைப் பார்த்து எழுதுங்கள்” என்றார். அவரை வைத்துக்கொண்டே ஒரே பாடக்குறிப்பை எல்லோரும் தனித்தனியாக மதிப்பிட்டோம். ஒருவர் 2 போட்டார், இன்னொருவர் 4. பிறகு நடந்தது சண்டை என்றே சொல்லலாம். பகல் சாப்பாடு ஆறிப்போனது. ஆனால் அட்டவணையில் தெளிவில்லாமல் கிடந்த வசனங்கள் எல்லாம் அந்தச் சண்டையில்தான் நேரானது.

இனிச் சொல்லப்போகிறவர்களைத்தான் அறிக்கை ஒரே வரியில் ‘வெளிக்கள ஒத்துழைப்பு’ என்று முடித்துவிட்டது. தேயிலைத் தோட்டங்களின் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களில் வேலை செய்யும் உத்தியோகத்தர் அக்காமார். பெயர்ப்பலகை மாறினாலும் ஊர்வாயில் இன்னும் பிள்ளைக்காம்பராதான். எங்கள் மாணவிகள் கற்பித்தல் பயிற்சிக்குப் போவது அங்கேதான். அம்மாமார் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, போகும் முன்னே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். பால் காய்ச்சுவது, மூக்குத் துடைப்பது, அழுகிறதைத் தூக்குவது என்று கை ஓயாத நேரம். அந்த நேரத்தில் எங்கள் படிவத்தையும் நிரப்பச் சொன்னோம். முகம் சுளிக்காமல் நிரப்பினார்கள்.

நிரப்பியதோடு விட்டுவிடவும் இல்லை. மஸ்கெலியாப் பக்கம் ஒரு நிலையத்தில் நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாணவி பஸ் படம் ஒன்றைத் தூக்கிக் காட்டி, “இது என்ன நிறம்?” என்று கேட்டார். நாலு வயதுப் பையன் ஒருவன் எழுந்து நின்று, “எங்க மாமா இந்த பஸ்லதான் கொழும்புக்குப் போனாரு” என்றான். “சரி சரி, நிறத்தைச் சொல்லுங்க” என்றார் மாணவி. “செவப்பூ” என்று மற்றவர்கள் கோரஸ் பாடினார்கள். பையன் உட்கார்ந்துவிட்டான். என் படிவத்தில் ‘கேள்வி கேட்டல்’ என்ற இடத்தில் 3 போட்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “கேள்வி நல்லாத்தான் கேக்குது மிஸ். அவன் சொன்னதைக் காதில வாங்கலியே” என்றார்.

அட்டவணையில் அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: ‘பிள்ளை சொன்னதைக் கேட்டு, அதிலிருந்தே அடுத்த கேள்வியை எழுப்புகிறார்.’ அந்த வரியின் சொந்தக்காரர் அந்த அக்கா. முதல் சுற்றில் மாணவிகள் அதிகம் சறுக்கிய வரியும் அதுதான். குழந்தை வளர்ச்சிப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவர்கள்கூட இங்கே முதல் இரண்டு படிகளைத் தாண்டவில்லை. பிள்ளை எப்படிப் பேசக் கற்கிறது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எதிரே ஒரு பிள்ளை பேசும்போது பாடக்குறிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைக் கேட்டுக் கோபப்படாமல் எங்களோடு வட்டமாக உட்கார்ந்து பேசிய மாணவிகளுக்கு என்ன சொல்வது! “பாடக்குறிப்பில உள்ளதை எல்லாம் முடிக்காட்டி நீங்க புள்ளி வெட்டுவீங்களே மிஸ்” என்று ஒருவர் சொன்னார். நியாயமான பதில். அந்தப் புள்ளித்திட்டத்தைத்தான் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறோம். அதோடு, கற்பித்தல் பயிற்சி இனி முதலாம் அரையாண்டிலேயே தொடங்கும். குழந்தை வளர்ச்சி வினாத்தாளில் ஒரு வினா, பிள்ளையும் ஆசிரியையும் பேசிக்கொள்ளும் சின்ன உரையாடலைக் கொடுத்து, அடுத்து என்ன கேட்பீர்கள் என்று இருக்கும்.

இன்னும் சிலர். நிலையங்களுக்குள் போக அனுமதி தந்த தோட்ட நிர்வாகங்கள். பிள்ளைகளை அருகில் இருந்து பார்க்கச் சம்மதித்த பெற்றோர். அவர்களில் ஒரு அப்பா படிவத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார், எல்லோரும் அப்படித்தான் செய்யவேண்டும். மழைக் காலத்தில் பொகவந்தலாவைப் பாதையில் அதிகாலையில் எங்களை ஏற்றிக்கொண்டு போன ஆட்டோ தம்பி. பிரதி எடுத்த கணக்கை மாதக் கடைசி வரை பொறுத்துக்கொண்ட ஹட்டன் கடைக்காரர். நிதி கேட்டு நாங்கள் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் போடாத ஓர் அலுவலகமும் உண்டு. அவர்களுக்கு நன்றி அடுத்த மடலில், பதில் வந்தால்.

அடுத்த சுற்றில் எழுத்துத் திறனைப் பார்க்கப்போகிறோம். மாணவிகள் எழுதும் பிள்ளை அவதானக் குறிப்புகளை மதிப்பிட, கல்லூரிக்கு வெளியே இருந்தும் இரண்டு பேர் வேண்டும். பாலர் கல்வியில் அனுபவம் உள்ளவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். அட்டவணையும் படிவங்களும் வேறு கல்லூரிகளுக்கோ நிலையங்களுக்கோ தேவையென்றால் தாராளமாகப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். உத்தியோகத்தர் அக்காமாருக்கு உரிய அறிக்கைப் பிரதிகளைக் கட்டி வைத்திருக்கிறோம். பயிற்சிக்கு வரும் மாணவிகளிடம் கொடுத்து அனுப்புகிறோம். வாசித்துவிட்டு, உங்கள் படிவங்களில் போட்டது போலவே இதிலும் ஓரத்தில் எழுதி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
இணைப்பாளர்,
மாணவர் கற்றல் கணிப்பீட்டுக் குழு