கலாம் கையெழுத்து என்ன விலை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அப்துல் கலாம் தொடர்பான நினைவுப் பொருட்களைச் சேர்ப்பவர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் எது எவ்வளவுக்குப் போகிறது என்று சொல்வதிலேயே பாதி இடம் போய்விட்டது. அஞ்சல் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். ஸ்டாம்ப் சேர்ப்பதோ அதற்கும் முந்தைய பழக்கம். போதாததற்குக் கலாம் ஐயாவின் மாவட்டத்துக்காரன். அதனால் எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

ஐயா ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்து காலமானது 2015 ஜூலை 27. அதே வருடம் அக்டோபர் 15, அவருடைய பிறந்தநாளன்று, அஞ்சல் துறை 5 ரூபாய் அஞ்சல் தலை வெளியிட்டது. அது ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. உயிரோடு இருக்கும்போதே ஸ்டாம்பில் இடம்பெற்ற குடியரசுத் தலைவர்கள் உண்டு: 1962-இல் ராஜேந்திர பிரசாத், 1967-இல் ராதாகிருஷ்ணன், 1974-இல் வி.வி.கிரி. கலாம் அந்த வரிசையில் கிடையாது. ஆகவே "2002-இல் பதவியேற்றபோது வந்தது சார்" என்று யாராவது ஒரு கலாம் தலையை நீட்டினால் பர்ஸை வெளியே எடுக்காதீர்கள். 300 ரூபாய் கட்டினால் நாம் கொடுக்கும் படத்தைத் தலையோடு சேர்த்து 12 தலை கொண்ட தாளாக அச்சடித்துத் தரும் 'மை ஸ்டாம்ப்' திட்டம் ஒன்று இருக்கிறது. அந்த மாதிரித் தாளில் ஒன்றைக் கிழித்து 'அபூர்வம்' என்று விற்றதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

இவ்வளவு விவரம் பேசுகிற நானும் ஏமாந்திருக்கிறேன். ஆன்லைனில் ஒரு கடையில், கலாம் கையெழுத்திட்ட புத்தகம் என்று போட்டிருந்ததை நம்பி 3,500 ரூபாய் கட்டினேன். வந்து சேர்ந்ததும் லென்ஸை எடுத்துப் பார்த்தேன். பேனாவால் எழுதினால் தாளில் லேசாவது பள்ளம் விழும், கோடு ஓரிடத்தில் அழுத்தமாகவும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும், பின்பக்கம் விரலால் தடவினால் தெரியும். இதில் அப்படி எதுவுமே இல்லை. அட்டை அச்சான இயந்திரத்திலேயே கையெழுத்தும் அச்சாகியிருந்தது! கடைக்காரரைக் கேட்டால், "கையெழுத்து இருக்கிறதா இல்லையா?" என்கிறார். இருக்கிறதுதான், என்ன சொல்ல?

சிறுவனாக இருந்தபோது புளியங்கொட்டை பொறுக்கி, ராமேஸ்வரம் மசூதித் தெருக் கடையில் போட்டு, ஒரு நாளைக்கு ஓர் அணா பார்த்ததாகத் தன் வரலாற்றில் எழுதியவர் அவர். தன் கையெழுத்தின் இன்றைய விலையைக் கேட்டால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். அவருக்கும் நினைவுப் பொருளுக்கும் எப்படிப்பட்ட உறவு என்பதற்குப் பத்திரிகைகளில் வந்த ஈரோட்டுக் கதை ஒன்று போதும். 2014-இல் அங்கே ஒரு விழாவுக்குப் போனவருக்கு, கிரைண்டர் தயாரிக்கும் நிறுவனம் ஒரு கிரைண்டரைப் பரிசாகக் கொடுத்தது. சும்மா வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று 4,850 ரூபாய்க்குக் காசோலை கொடுத்துவிட்டார். ஜனாதிபதியாக இருந்தவர் கையெழுத்துப் போட்ட காசோலையை யாருக்கு வங்கியில் போட மனசு வரும்? அவர்களும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். தன் கணக்கில் பணம் குறையவில்லை என்று கவனித்த ஐயா, காசோலையைப் போடுங்கள், இல்லையென்றால் கிரைண்டரைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று சொல்ல வைத்தாராம். வேறு வழியில்லாமல் நகல் எடுத்து, நகலுக்குச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அசலை வங்கியில் கட்டினார்கள். நான் பார்க்க ஆசைப்படும் கலாம் நினைவுப் பொருள் அந்த நகல்தான். விலைக்கு விட்டால் பத்து ரூபாய்கூடப் பெறாது. ஆனால் ஈரோடு, 2014, கிரைண்டர், 4,850 என்று எல்லா விவரமும் அதோடு ஒட்டியிருக்கிறது.

நம் வீடுகளில் இருப்பவற்றுக்கு இல்லாதது இந்த விவரம்தான். எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் கலாமோடு எடுத்த பள்ளிப் படம் ஒன்று ஷோகேஸில் நிற்கும். பின்பக்கத்தைத் திருப்பினால் வெள்ளையாக இருக்கும். எந்தப் பள்ளி, எந்த வருடம், வலது ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற பையன் யார்? கேட்டால் அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குச் சந்தேகம், பேரனுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் எதிர்வீட்டில், மகளுக்கு ஐயாவிடமிருந்து வந்த பதில் கடிதத்தை லேமினேஷன் செய்து வைத்திருக்கிறார்கள். சூட்டில் மை மங்கிவிட்டது, இனிப் பிரிக்கவும் முடியாது. அந்தப் பெண் என்ன கேட்டு எழுதினாள் என்பது எங்குமே இல்லை. வந்த உறையையோ "குப்பை" என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஐயோ, தேதி முத்திரை அந்த உறையில்தானே இருந்தது!

பெரிய பொருட்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ராமேஸ்வரம் பக்கத்துப் பேக்கரும்பில் 2017-இல் திறந்த நினைவிடம் இருக்கிறது, மசூதித் தெரு வீட்டிலும் காட்சி வைத்திருக்கிறார்கள், டெல்லி வீட்டில் இருந்த பொருட்களில் பலவற்றை அங்கே டில்லி ஹாட் என்ற கைவினைச் சந்தையில் வைத்திருக்கிறார்கள். குடியரசுத் தலைவர்களுக்கு வந்த பரிசுகளையே ஏலம் விட 2024 ஜூலையில் 'இ-உபஹார்' என்ற தளத்தைக் குடியரசுத் தலைவர் மாளிகை தொடங்கி, முதல் தடவை 250 பொருட்கள் வரை வைத்தது. பணம் உதவி தேவைப்படும் குழந்தைகளுக்குப் போகிறதாம், சரி, விடட்டும். வீட்டு அலமாரியில் கிடப்பதை யார் பார்ப்பது?

 

உங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த அக்டோபர் இதழில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். வாசகர்கள் தங்களிடம் இருக்கும் கலாம் படம், கடிதம், அழைப்பிதழ் எதுவானாலும் அசலை அனுப்பாமல் நகல் மட்டும் அனுப்பட்டும். அதோடு ஊர், தேதி, படத்தில் இருப்பவர்கள், அன்று நடந்தது எல்லாவற்றையும் அரைப் பக்கத்தில் எழுதட்டும். விலை மட்டும் வேண்டாம். வருவதைத் தொகுத்து ராமநாதபுரத்தில் அவர் படித்த ஷ்வார்ட்ஸ் பள்ளிக்கு ஒரு பிரதி கொடுக்கலாம்.

என்னுடையதை இத்துடன் அனுப்பிவிட்டேன். கலாம் தலை ஒட்டி, வெளியான நாளின் முத்திரை குத்திய உறையின் நகல். 2015 அக்டோபர் 15 காலை, என் கவுன்டரில் முதலில் வந்து ஒரே ஒரு தலை கேட்டவர் மீன் கூடை சுமந்து வந்த ஓர் அம்மா. எதற்கு என்று கேட்டதற்கு, "ஒட்டுறதுக்கு இல்ல தம்பி, வச்சுக்கிறதுக்கு" என்றார். நான் வாங்கியது அவருக்கு அடுத்த தலை. அவர் பெயரைக் கேட்டு எழுதி வைக்காமல் விட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்,
பரமக்குடி